மேடிசன் ஆற்றுச் சரளைக்கு ஒரு தடைக்காலம்

யெல்லோஸ்டோன் பக்கம் போகும்போது தூண்டிலையும் காரில் ஏற்றிக்கொள்ளும் தமிழ் அன்பர்களுக்கு,



இன்னும் சில வாரங்களில் மொன்டானாவின் ஹெப்கன் ஏரி மேல் உறைந்திருக்கும் பனிப்பாளம் உடையத் தொடங்கும். விடுப்பு கேட்டாயிற்று, தங்க இடம் பார்த்தாயிற்று, தூண்டில் ராடுகளைத் தூசி தட்டி எடுத்தாயிற்று என்று நீங்களும் தயாராகியிருப்பீர்கள். மாதக்கணக்கில் பனிக்கு அடியில் கிடந்த ட்ரவுட் மீன்கள் கரையோரத்துக்கு வந்து இரை தேடும் நாட்கள் அவை. அப்போது அங்கே இருக்க வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படுவதில் தவறே இல்லை. ஆனால் அதே நாட்களில் ஏரிக்கு மேலேயும் கீழேயும் உள்ள ஓடும் நீரில் வேறொன்றும் நடக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு நீங்கள் புறப்பட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மடல்.

ஹெப்கனில் வளரும் ரெயின்போ ட்ரவுட் ஏரியில் முட்டையிட்டுப் பெருகுவதில்லை. அதற்கு ஓடுகிற நீர் வேண்டும். நீர் ஊடுருவிப் போகும் சரளை வேண்டும். வசந்தத்தில் நீர் சற்றே வெதுவெதுப்பாகத் தொடங்கியதும் சினை மீன்கள் ஏரியை விட்டுக் கிளம்பி சவுத் ஃபோர்க், டக் கிரீக் போன்ற ஓடைகளுக்குள்ளும் மேடிசன் ஆற்றுக்குள்ளும் எதிர்நீச்சலில் ஏறுகின்றன. ஹெப்கன் ஏரியைத் தேக்கும் அணைக்குக் கீழே உள்ள க்வேக் ஏரியின் மீன்களுக்கு அணையைத் தாண்ட வழியில்லை. அதனால் இரண்டு ஏரிகளுக்கும் நடுவே ஓடும் குறுகிய ஆற்றுப் பகுதியில் அவை குவிகின்றன. பெண் மீன் உடலைப் பக்கவாட்டில் சாய்த்து, வாலால் சரளையை அடித்துக் குழி பறிக்கும். குழியில் முட்டையிட்டதும் ஆண் மீன் விந்தைத் தெளிக்கும். பிறகு பெண் மீன் சற்று மேலே போய் மறுபடி வாலால் அடித்து, அங்கிருந்து உருண்டு வரும் கற்களால் முட்டைகளை மூடிவிடும். ஒரு கிலோ எடையுள்ள மீன் சுமார் 2,000 முட்டைகள் இடும். நீரின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் என்றால் முட்டை பொரிய ஒரு மாதம் ஆகும். அதைவிடக் குளிர்ந்த நீரில் இன்னும் நீளும். பொரிந்த குஞ்சுகளும் உடனே வெளியே வராது. வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கரு தீரும்வரை, இன்னும் சில வாரங்கள், கல்லிடுக்கிலேயே கிடக்கும்.

அதாவது ஏப்ரலில் இட்ட முட்டையும் மே மாதத்தில் இட்ட முட்டையும் ஜூன் வரைக்கும் சரளைக்குள்தான் இருக்கின்றன. நீங்கள் ரப்பர் காலணியோடு ஆற்றுக்குள் இறங்கும்போது உங்கள் காலுக்கும் அவற்றுக்கும் நடுவே சில அங்குலக் கற்கள்தான்.

அந்தக் கால் என்ன செய்யும் என்பதை ஊகத்துக்கு விட வேண்டியதில்லை. மேடிசன் ஆற்றிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத போஸ்மன் நகரில், மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புரூஸ் ராபர்ட்ஸும் ரே ஒயிட்டும் இதைச் சோதித்து 1992-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ட்ரவுட் முட்டைகளைச் சரளைக்குள் புதைத்து, அதன் மேல் மனிதர்களை நடக்கவிட்டுப் பார்த்தார்கள். முட்டை நிலையிலிருந்து குஞ்சு சரளையை விட்டு வெளியேறும் காலம்வரை தினமும் இரண்டு தடவை நடந்தபோது 96 சதவீதம் வரை செத்துப்போயின. பொரிவதற்குச் சற்று முன்னால் ஒரே ஒரு தடவை நடந்தபோதே 43 சதவீதம் வரை அழிந்தன. வலை வீசவில்லை, நஞ்சு கலக்கவில்லை. ஒரு மனிதர் ஒரு தடவை கடந்து போனார், அவ்வளவுதான்.

இப்போது ஏப்ரல் மாதச் சனிக்கிழமை ஒன்றில், இரண்டு ஏரிகளுக்கு நடுவிலுள்ள அந்த ஆற்றங்கரையை நினைத்துப் பாருங்கள். ஆறு ஆழமில்லாதது, மீன்கள் பெரியவை, கண்ணுக்குத் தெரியும்படி ஓரிடத்தில் நிற்கின்றன. குழியைக் காவல் காக்கும் மீன் எளிதில் ஓடிப்போகாது, முகத்துக்கு நேரே வருவதை வாயால் கவ்வித் தள்ளப் பார்க்கும். தூண்டிலில் மாட்டுவதற்கு அதைவிடச் சுலபமான மீன் வருடம் முழுக்கக் கிடைக்காது. அதனால்தான் கூட்டம் அங்கே சேர்கிறது. ஒருவர் பிடித்துப் படம் எடுத்துப் போட்டால் அடுத்த வாரம் நான்கு பேர் அதே இடத்தில் நிற்கிறார்கள். ஆற்றின் நடுவே நின்று வீசினால்தான் தூண்டில் வாகாக விழும் என்பதால் எல்லோரும் உள்ளே இறங்குகிறார்கள். எல்லோரும் நிற்கும் ஆழம் மீன் முட்டையிடத் தேடும் அதே ஆழம்.

நெல் நாற்றங்காலுக்குள் செருப்புக் காலோடு ஒருவர் இறங்கினால் நம் ஊரில் யாரும் சும்மா இருக்கமாட்டார்கள். இங்கே நாற்றங்கால் நீருக்கு அடியில் இருக்கிறது என்பதால் யாரும் கேட்பதில்லை.

“பிடித்த மீனை விட்டுவிடுகிறோமே” என்று நீங்கள் சொல்லலாம். உண்மையில் உங்களில் பெரும்பாலோர் விட்டுவிடுபவர்கள்தான். தூண்டில் கொக்கியின் எதிர்முள்ளை மழுக்கி, ஈரக் கையால் பிடித்து, பதமாக நீரில் இறக்கிவிடுபவர்கள். அந்த அக்கறைக்கு மதிப்பு உண்டு. ஆனால் சினைக்காலத்து மீன் பல நாளாகச் சரியாக இரை எடுக்காமல், ஏறி வந்த களைப்போடும் குழி பறித்த களைப்போடும் நிற்கிறது. அதை இழுத்து அலைக்கழித்துவிட்டு விட்டால், அது பிழைத்தாலும் அந்த வருடத்து முட்டையிடல் கெடலாம். மீனை விட்டுவிட்டுத் திரும்பி நடக்கும் வழியில் உங்கள் காலடியில் நசுங்கும் முட்டைகள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. பிடித்த மீனைத்தான் நீங்கள் விடுகிறீர்கள். மிதித்ததை விட முடியாது.

இதைத் தமிழில், உங்களுக்கென்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஏப்ரல் 15 என்ற தேதி உங்களுக்குப் பழக்கமானது. அன்றிலிருந்து ஜூன் 14 வரை 61 நாட்கள், திருவள்ளூரிலிருந்து கன்னியாகுமரியின் கிழக்குக் கரை வரை விசைப்படகுகள் கடலுக்குள் போவதில்லை. முன்பு 45 நாட்களாக இருந்த தடைக்காலம் 2017-லிருந்து 61 நாட்களாக நீண்டது. காசிமேட்டிலும் நாகப்பட்டினத்திலும் ராமேசுவரத்திலும் படகுகள் வரிசையாகக் கட்டிக்கிடக்கும். வலை பின்னுவார்கள், பலகை மாற்றுவார்கள், இன்ஜினைப் பிரித்துப் பழுது பார்ப்பார்கள். அரசு தரும் நிவாரணத் தொகை ஒரு குடும்பத்தின் இரண்டு மாதச் செலவுக்குப் போதாது என்ற குறை ஒவ்வொரு வருடமும் எழுகிறது. அது நியாயமான குறை. அப்படியிருந்தும் படகுகள் கரையில் நிற்கின்றன. ஏனென்றால் அது மீன்கள் இனம் பெருக்கும் காலம்.

கடலை நம்பி அடுப்பு எரிக்கும் குடும்பங்கள் 61 நாட்கள் பொறுக்கின்றன. பொழுதுபோக்குக்காகத் தூண்டில் எடுக்கும் உங்களால், ஒரு ஏரியைச் சுற்றியுள்ள சில மைல் சரளையை மட்டும் இரண்டு மூன்று மாதம் விட்டுவைக்க முடியாதா? அதே ஏப்ரல், அதே மே, அதே ஜூன்.

மேடிசன் ஏற்கெனவே எவ்வளவு தாங்கிய ஆறு என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். யெல்லோஸ்டோன் பூங்காவுக்குள் ஃபயர்ஹோல், கிப்பன் என்ற இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் அது பிறக்கிறது. பூங்காவை விட்டு வெளியே வந்த சிறிது தூரத்திலேயே ஹெப்கன் அணை அதைத் தடுத்து ஏரியாக்குகிறது. 1910-களில் கட்டிய, சுமார் 85 அடி உயரமுள்ள மண் அணை அது. அணையில் மின்சாரம் எடுப்பதில்லை; கீழே உள்ள மின்நிலையங்களுக்காக நீரைச் சேமித்து அளந்து விடுகிறார்கள். 1959 ஆகஸ்ட் 17 இரவு 7.3 ரிக்டர் அளவில் நிலம் அதிர்ந்தது. ஏரி நீர் அணையின் தலைக்கு மேல் பலமுறை எழும்பி வழிந்தது. அணை விரிசலோடு நின்றது. கீழே பள்ளத்தாக்கில் ஒரு மலைச்சரிவே பெயர்ந்து விழுந்து ஆற்றை அடைத்தது. 28 பேர் உயிரிழந்தார்கள். அந்த அடைப்புக்குப் பின்னால் தேங்கிய நீர்தான் இன்றைய க்வேக் ஏரி. அதன் கரையில் நீருக்குள் பட்டுப்போய் நிற்கும் மரங்களை நீங்கள் படம் எடுத்திருப்பீர்கள்.

1994-ல் வேறொரு அடி விழுந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த ஓர் ஒட்டுண்ணி மேடிசனில் கண்டறியப்பட்டது. சேற்றில் வாழும் சிறு புழு ஒன்றின் வழியாக அது இளம் ட்ரவுட்டின் குருத்தெலும்பைத் தாக்கும். தாக்கப்பட்ட மீன் தன்னைத் தானே சுற்றிச் சுற்றி நீந்திச் சாகும். மேல் மேடிசனில் ரெயின்போ எண்ணிக்கை சுமார் 90 சதவீதம் சரிந்தது. பெரிய மீன்கள் அல்ல, சரளையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள்தான் அழிந்தன. அதே வருடம் நியூசிலாந்து சேற்று நத்தையும் பூங்காவுக்குள் இதே ஆற்றில் கண்டுபிடிக்கப்பட்டது. காலணியில் ஒட்டிய ஈரச் சேறே இவை பரவ ஒரு வழி. ஃபெல்ட் (felt) அடிப்பாகம் கொண்ட காலணிகளை யெல்லோஸ்டோன் பூங்கா 2018-ல் தடை செய்ததும் இதனால்தான்.

பின்னர் 2021 நவம்பர் 30. ஹெப்கன் அணையின் மதகில் ஒரு பாகம் உடைந்து, ஆற்றுக்கு வரும் நீர் சட்டென்று பாதிக்கும் கீழே போனது. பிரவுன் ட்ரவுட் இலையுதிர் காலத்தில் முட்டையிடுபவை. அப்போதுதான் இட்டு முடித்திருந்தன. ஓரக் கால்வாய்கள் வறண்டு, முட்டைக்குழிகள் காற்றுபடக் கிடந்தன. செய்தி பரவியதும் சுற்றுவட்டாரத்து மீன்பிடி வழிகாட்டிகளும் ஊர்க்காரர்களும் வாளிகளோடு ஓடி வந்தார்கள். உறைய வைக்கும் குளிரில், குட்டைகளில் சிக்கிய மீன்களை அள்ளி ஆழமான நீருக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அணையை இயக்கும் நார்த்வெஸ்டர்ன் எனர்ஜி நிறுவனம் மதகைச் சரிசெய்து நீரைத் திறக்கும்வரை இது நடந்தது. நிறுவனத்தின் மீது எழுந்த கோபம் நியாயமானது. ஆனால் அந்த மதகு முட்டைகளுக்குச் செய்த கேட்டை வருடாவருடம் வசந்தத்தில் காலணிகள் செய்கின்றன. அதைக் கேள்வி கேட்க எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லை. அவரவர்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

“குறைந்தால் அரசாங்கம் மீன் கொண்டுவந்து விடும்” என்று நினைக்காதீர்கள். இது முக்கியமான இடம். உங்களுக்குத் தெரிந்த ட்ரவுட் பெரும்பாலும் நீலகிரி ட்ரவுட்டாக இருக்கும். அங்கே 1907-ல் எச்.சி. வில்சன் என்பவர் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்தார்; பொரிப்பகத்தில் வளர்த்த குஞ்சுகளை ஓடைகளிலும் பின்னாளில் அணைநீரிலும் விட்டு மீன் பெருக்குவதே அந்த வழி. மொன்டானாவும் ஒரு காலத்தில் லாரி லாரியாகப் பொரிப்பக மீன்களை ஆறுகளில் கொட்டியது. டிக் வின்சென்ட் என்ற மீன்வள ஆய்வாளர் இதே மேடிசனில் அதைப் பரிசோதித்தார். மீன் விடுவதை நிறுத்திய பகுதியில் ஆற்றிலேயே பிறந்த ட்ரவுட் பெருகியது. விட்ட இடத்தில் குறைந்தது. அதைப் பார்த்து 1974-ல் மொன்டானா, தானாக ட்ரவுட் பெருகும் ஆறுகளில் மீன் விடுவதையே கைவிட்டது. இன்று மேடிசனில் உங்கள் தூண்டிலில் மாட்டும் மீன் அந்த ஆற்றுச் சரளையில் பிறந்தது. சரளையில் பிறக்காவிட்டால் அந்த மீன் இல்லை. 1994 நோய்க்குப் பிறகு மீன் ஓரளவு மீண்டதும் பிழைத்த மீன்கள் இட்ட முட்டைகளால்தான்.

இன்னொரு வாதமும் உண்டு. ரெயின்போவும் பிரவுனும் அந்த ஆற்றுக்கு வந்தேறிகள். பூர்விகக் குடிகள் கட்த்ரோட் ட்ரவுட்டும் ஆர்க்டிக் கிரேலிங்கும். அப்படியிருக்க எதற்கு இவ்வளவு பரிவு என்பது அந்த வாதம். உண்மைதான். பூர்விக மீன்களை மீட்க வேண்டிய ஓடைகளில் அதிகாரிகள் வந்தேறி மீன்களைத் திட்டமிட்டு அகற்றவும் செய்கிறார்கள். அது ஓடை ஓடையாக ஆராய்ந்து எடுக்கும் முடிவு. உங்கள் காலடி அப்படி எதையும் ஆராய்ந்து விழுவதில்லை. கட்த்ரோட்டும் கிரேலிங்கும் வசந்தத்தில் சரளையில் முட்டையிடுபவைதாம் என்பதையும் சேர்த்து நினையுங்கள். மேலும், இந்த மீன்களைத் தேடித்தானே நீங்கள் இவ்வளவு தூரம் போகிறீர்கள்? நாளை அவை வேண்டும் என்றால் இன்று அவற்றின் முட்டைக்கு மதிப்பு தர வேண்டும்.

“சியாட்டிலிலிருந்து ஒரு முழு நாள் ஓட்டி வருகிறோம், கிடைப்பது இரண்டு நாள், வெறுங்கையோடு திரும்புவதா” என்று கேட்பவர்களின் ஆதங்கமும் புரிகிறது. வெறுங்கையோடு திரும்பச் சொல்லவில்லை. பனி உடைந்த ஏரியே அந்த நாட்களில் மிகச் சிறந்த இடம். மேடிசன் ஆர்ம், கிரேலிங் ஆர்ம் என்று ஏரி கை நீட்டியிருக்கும் ஆழமற்ற பகுதிகளில் நீர் முதலில் சூடேறுகிறது. சிறு பூச்சிகள் எழும்புகின்றன. மீன் கரைக்கு அருகே உலாவுகிறது. அங்கே கரையில் நின்று வீசுங்கள். பிள்ளைகளும் பாதுகாப்பாக நிற்கலாம். சட்டம் அனுமதிக்கும் அளவில் சமையலுக்கு மீன் வேண்டுமென்றாலும் ஏரியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஓடைகள் ஏரியில் கலக்கும் வாய்ப்பகுதியை மட்டும் விட்டு விலகி நில்லுங்கள். மேலே ஏறக் காத்திருக்கும் சினை மீன்கள் அங்கேதான் கூடும். மே கடைசி வாரத்தில், மெமோரியல் டே வார இறுதிச் சனிக்கிழமையன்று, யெல்லோஸ்டோன் பூங்காவின் பெரும்பாலான நீர்நிலைகளில் மீன்பிடி காலம் தொடங்குகிறது. வெந்நீர் ஊற்றுகளால் சூடேறும் ஃபயர்ஹோல் அந்த நாட்களுக்கே உரிய ஆறு. பயணத்தைத் தள்ளிப்போட முடிந்தால் ஜூலை, ஆகஸ்டில் வாருங்கள். காற்றில்லாத காலை நேரத்தில் ஹெப்கனின் மேற்பரப்பில் ட்ரவுட் வாய் திறந்து பூச்சிகளை விழுங்கும் சத்தம் கேட்கும். தேர்ந்த தூண்டில்காரர்கள் வருடமெல்லாம் காத்திருப்பது அதற்காகத்தான்.

ஆகவே உங்களிடம் கேட்பது இவைதான்.

இந்த வசந்தத்திலிருந்து, ஏப்ரல் தொடங்கி ஜூன் முடியும்வரை, ஹெப்கனுக்கும் க்வேக் ஏரிக்கும் நடுவிலுள்ள மேடிசனிலும் ஹெப்கனில் கலக்கும் ஓடைகளிலும் நீருக்குள் இறங்காதீர்கள். விதி அனுமதித்தாலும் இறங்காதீர்கள். விதிகள் இடத்துக்கு இடமும் வருடத்துக்கு வருடமும் மாறும் என்பதால் அந்தந்த வருடத்து மொன்டானா விதிப்புத்தகத்தையும் பூங்கா விதிகளையும் தனியே பார்த்துக்கொள்ளுங்கள். எங்காவது ஆற்றைக் கடந்தே தீர வேண்டும் என்றால், சுற்றியுள்ள பாசி படிந்த கற்களுக்கு நடுவே துடைத்தெடுத்ததுபோல் வெளிறித் தெரியும் சரளைத் திட்டையும், அதன் மேல்முனையில் உள்ள பள்ளத்தையும் தேடுங்கள். அதுதான் முட்டைக்குழி. பள்ளத்தைவிட அதற்குக் கீழே உள்ள மேட்டில்தான் முட்டைகள் இருக்கும். இரண்டையும் விட்டுச் சுற்றிப் போங்கள். ஜோடியாக ஓரிடத்தில் நிற்கும் மீன்களுக்குத் தூண்டில் வீசாதீர்கள். ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குப் போகும்முன் காலணியைக் கழுவி, முழுக்கக் காயவைத்துக்கொண்டு போங்கள்.

குழுவாகப் பயணம் ஏற்பாடு செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை கூடுதலாக. புதிதாகத் தூண்டில் பிடிப்பவர்கள் உங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். பயணத்திட்டத்தை அனுப்பும்போதே அதில் ஏரிக்கரை இடங்களை மட்டும் குறித்து, ஆற்றுச் சரளை இந்தக் காலத்தில் ஏன் இல்லை என்ற காரணத்தையும் இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். குழிமேல் நின்ற மீனைப் பிடித்து எடுத்த படத்தைக் குழுவில் யாராவது போட்டால், அது எந்த இடம் என்று விசாரிக்காமல், அது எந்தக் காலம் என்று அவருக்குத் தனியாக, மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். ஏப்ரல் 15 வருவதற்கு முன்பே உங்கள் குழுவில் இதைப் பேசி, நமக்கு நாமே ஒரு தடைக்காலம் வைத்துக்கொள்கிறோம் என்று முடிவெடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.

அன்புடனும் நம்பிக்கையுடனும்.